சுருட்டுக்கும் ஒரு வீடு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், சுருட்டைக் கெடாமல் எப்படி வைப்பது என்று கேட்டிருந்தார். மூடி இறுக்கமான பெட்டியில் போடுங்கள், ஈரப்பதம் 70-ஐத் தாண்ட விடாதீர்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டேன். அது போதாது என்று கோபித்துக்கொண்டும், மேற்கொண்டு சந்தேகம் கேட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதிலிருந்து பொறுக்கி எடுத்தவை இந்த முறை. படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று புரிந்தது. யாரும் சுருட்டைக் கவனிக்காமல் விட்டுக் கெடுக்கவில்லை, கவனித்துக் கவனித்தே கெடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு பெட்டி, 25 சுருட்டு, பரிசாக வந்தது. வருடத்துக்கு நாலைந்து பிடித்தாலே அதிகம். ஃபிரிட்ஜில் வைத்தால் போதும் என்கிறார்கள். வைக்கலாமா?

வேண்டாம். ஃபிரிட்ஜில் குளிர் இருக்கும், சுருட்டுக்கு வேண்டிய ஈரம் இருக்காது. பனி படியாத வகை ஃபிரிட்ஜ் என்றால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் அதன் வேலையே, அதனால் சில வாரங்களில் உங்கள் சுருட்டு சருகாகிவிடும். போதாததற்கு, புகையிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

கையால் சுற்றிய சுருட்டு காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்று காய்ந்திருந்தால் திரும்பக் கொடுத்துவிடும். அதனால் நீங்கள் பராமரிக்க வேண்டியது சுருட்டை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் காற்றை. ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ், இது பொதுவாக எல்லாரும் ஒத்துக்கொள்வது. பழைய ஆட்கள் 70-க்கு 70 என்பார்கள். ஃபாரன்ஹீட்டில் 70 டிகிரி, ஈரம் 70 சதவீதம் என்று அர்த்தம். என்னைக் கேட்டால் ஈரத்துக்கு 65 போதும். 70-ஐத் தாண்டிய சுருட்டு இழுக்கக் கஷ்டம், ஒரு பக்கமாக எரியும், நடுவில் அணையும், திரும்பத் திரும்பப் பற்றவைத்தால் கசக்கும். ரொம்பக் கீழே போனாலோ மேல் இலை வெடிக்கும், வாசனைக்குக் காரணமான எண்ணெய்ப் பசை போய்விடும், மளமளவென்று எரிந்து வாயைச் சுடும்.

25 சுருட்டுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மூடியில் ரப்பர் பட்டை வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று புதிதாக வாங்குங்கள். கழுவி, காயவைத்து, பிளாஸ்டிக் வாசனை போகும்வரை திறந்து வையுங்கள். உள்ளே சுருட்டுப் பெட்டியை அப்படியே வைத்து, காற்றின் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் ஈரப்பத பாக்கெட் ஒன்று போட்டு மூடி, வெயில் படாத அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாவா? நல்ல ஹ்யூமிடார் (சுருட்டை ஈரம் மாறாமல் வைக்கும் பெட்டி) மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று படித்தேனே?

அழகுக்கு மரம், இறுக்கத்துக்கு டப்பா. ஹ்யூமிடாரின் உள்பக்கம் ஸ்பானிஷ் சீடார் பலகை அடித்திருப்பார்கள். பெயர்தான் அப்படி. அது ஸ்பெயின் மரமும் இல்லை, உண்மையான சீடாரும் இல்லை. மத்திய, தென் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் வளர்வது, செட்ரேலா ஒடோரட்டா என்பது தாவரவியல் பெயர், மகோகனியும் நம் வேம்பும் சேர்ந்த அதே குடும்பம். ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும், சுருட்டோடு ஒத்துப்போகிற வாசனை, பூச்சிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் வண்டு வராது என்று அதை நம்பி உட்காராதீர்கள், வரும்.

மர ஹ்யூமிடார் வாங்கினால் அன்றைக்கே சுருட்டை அடுக்கிவிடக் கூடாது. காய்ந்த மரம் தன் தாகத்துக்குச் சுருட்டின் ஈரத்தைக் குடித்துவிடும். ஒரு சின்னக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி உள்ளே வைத்துப் பத்து நாள், இரண்டு வாரம் மூடி வையுங்கள். இதற்கென்றே 84 சதவீத பாக்கெட்டும் கிடைக்கிறது, 14 நாள் வைக்கச் சொல்கிறார்கள். ஈரத் துணியால் பலகையைத் துடைக்கிற வழக்கம் ஒன்று உண்டு, நான் அதைச் சொல்ல மாட்டேன், பலகை உப்பிக் கோணினால் அப்புறம் மூடி ஒரு நாளும் சரியாக உட்காராது.

விலையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். கென்னடி அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் பரிசளித்த ஹ்யூமிடார் ஒன்று 1996-ல் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 5,74,500 டாலருக்குப் போனது. அந்த விலை கென்னடியின் பெயருக்கு. பெட்டி நல்லதா என்று பார்க்க, உள்ளே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

கேள்வி: ஈரம் கொடுப்பதற்காகப் பெட்டியோடு வந்த பச்சை நிற நுரைக்கட்டிக்குக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றி வருகிறேன். தப்பா?

தப்பு, அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில், தண்ணீரில் என்ன வித்தியாசம் என்று குழாயைத் திறந்து நுரை சொட்டச் சொட்ட நிரப்பி உள்ளே வைத்தேன். ஈரம் குறைந்துவிடுமோ என்கிற பயத்தில் வாரம் இரண்டு தடவை. இரண்டாவது மாதம் பெட்டியைத் திறந்தால் ஈரச் சுவர் வாசனை, இருபது சுருட்டும் பஞ்சு மாதிரி, எட்டில் பச்சையாகப் பூஞ்சை. அன்றைக்குக் கற்றுக்கொண்டது: சொட்டுகிற எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்புகள் நுரையின் துளைகளை அடைக்கும், பூஞ்சைக்கும் வழி செய்யும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீரும் புரொப்பிலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த திரவம் விற்கிறார்கள், அது 70 பக்கத்தில் நிறுத்த முயலும், பூஞ்சையையும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் நுரையால் ஈரத்தைச் சரியாகத் திரும்ப வாங்க முடியாது, கொடுக்க மட்டும்தான் தெரியும். அதனால்தான் நான் பாக்கெட்டுக்கு மாறிவிட்டேன். போவிடா என்ற பெயரில் பிரபலமானது. உள்ளே இருப்பது உப்புக் கரைசல், காற்று காய்ந்தால் ஈரம் விடும், அதிகமானால் வாங்கிக்கொள்ளும். 62, 65, 69, 72 என்று எண் போட்டு வரும். இறுக்கமான டப்பாவுக்கு 62 அல்லது 65, கொஞ்சம் கசிகிற மரப்பெட்டிக்கு 69. 25 சுருட்டு கொள்ளும் இடத்துக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று என்று கணக்கு. முழுக்கக் கெட்டியாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். வெவ்வேறு எண்களை ஒரே பெட்டியில் போடாதீர்கள், ஒன்று கொடுத்ததை இன்னொன்று பிடுங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: என் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் கருவி) எப்போதும் 58 காட்டுகிறது. ஈரம் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன், ஏறவே மாட்டேன் என்கிறது.

முதலில் சேர்ப்பதை நிறுத்துங்கள். பெட்டியோடு இலவசமாக வரும் முள் வைத்த ஹைக்ரோமீட்டர் பத்து, பன்னிரண்டு புள்ளி தப்பாகக் காட்டுவது சர்வ சாதாரணம். உப்புச் சோதனை செய்யுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் களி மாதிரி ஆக்குங்கள், கரையவிடக் கூடாது. அதையும் ஹைக்ரோமீட்டரையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள், உப்பு மீட்டர் மேல் படாமல். அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். அறை 20 டிகிரியோ 30 டிகிரியோ, உப்பு இதில் ஏமாற்றாது. உங்கள் மீட்டர் அங்கே 65 காட்டினால், 58 என்று காட்டியபோதெல்லாம் உங்கள் சுருட்டு நிம்மதியாக 68-ல் இருந்திருக்கிறது.

கேள்வி: மூன்று சுருட்டில் ஊசியால் குத்திய மாதிரி வட்ட ஓட்டை. பெட்டி அடியில் பழுப்புப் பொடி. மற்றவற்றை இப்போதே பிடித்துத் தீர்த்துவிடலாமா?

தீர்க்க வேண்டாம், ஆனால் இன்றைக்கே செயலில் இறங்குங்கள். இது புகையிலை வண்டு. லேசியோடெர்மா செரிகோர்னி என்பது அறிவியல் பெயர், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், செம்பழுப்பு நிறம். முட்டை கிடங்கிலேயே வைக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமல் இலையோடு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். 18, 20 டிகிரியில் அது சோம்பிக் கிடக்கும். 25-ஐத் தாண்டி வெப்பம் நின்றால் பொரிந்து, புழு உள்ளே சுரங்கம் தோண்டித் தின்று, வண்டாகி, ஓட்டை போட்டு வெளியே வரும். அதாவது நீங்கள் பார்க்கும் ஓட்டை வாசல் இல்லை, அவர் விருந்து முடித்துக் கிளம்பிப் போன வழி.

ஓட்டை விழுந்தவற்றைத் தூக்கி எறியுங்கள், வீட்டுக்கு வெளியே. இது புகையிலையோடு நிற்காது, உலர்த்திச் சேமித்த எதையும் தின்னும். மீதியை இரண்டு ஜிப் பைகளில், ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள். ஒரு நாள் ஃபிரிட்ஜ். பிறகு ஒரு வாரம் ஃப்ரீசர், மைனஸ் 18 டிகிரியோ அதற்குக் கீழோ. பிறகு மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ். அதற்கப்புறம் வெளியே எடுத்து, பையைத் திறக்காமல் இன்னொரு நாள் அறையில் வையுங்கள். இந்தப் படிகளில் அவசரப்பட்டால் மேல் இலை வெடிக்கும், அல்லது குளிர்ந்த சுருட்டில் நீர் கோக்கும். (ஃபிரிட்ஜில் வைக்காதே என்று மேலே சொன்னவன்தானே என்று கேட்காதீர்கள், மூடிய பையில் ஒரு நாள் வேறு, மாதக்கணக்கில் வேறு.) இதற்குள் பெட்டியைக் காலி செய்து, மூலை முடுக்கெல்லாம் உலர்ந்த தூரிகையால் கூட்டித் துடையுங்கள். பூச்சி மருந்து அடிக்கிற எண்ணமே வேண்டாம், அந்தப் பெட்டியில் வைத்ததைத்தான் நாளை வாயில் வைக்கப் போகிறீர்கள்.

அறை எப்போதும் 28, 30 டிகிரியில் இருக்கிறது, என்ன செய்வது என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்: பெட்டியில் வைப்பதற்கு முன்பே ஒரு தடவை இப்படி உறைய வைத்து எடுத்துவிட்டு, 62 பாக்கெட்டோடு வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், தரையை ஒட்டிய அலமாரியில் வையுங்கள். சுருட்டுக்கு 28 டிகிரி பிடிக்காது, ஆனால் செத்துவிடாது. பகலில் 32, இரவில் 21 என்று ஏறி இறங்குவதுதான் கொல்லும்.

கேள்வி: சுருட்டின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இது கெட்டதில்லை, எண்ணெய் வெளியே வந்து உறைந்த "பூ", நன்றாக முதிர்ந்ததற்கு அடையாளம் என்கிறார் நண்பர்.

நண்பர் மனசு நல்ல மனசு. அப்படிப் பூத்த சுருட்டு என்று என்னிடம் காட்டப்பட்டதில் அநேகமாக எல்லாம் பூஞ்சைதான். தமிழில் வசதியாகப் பூசணமும் "பூக்கத்தான்" செய்கிறது, அந்த வகையில் அவர் சொன்னது சரி. திட்டுத்திட்டாக, பஞ்சு மாதிரி, பச்சை, நீலம், சாம்பல் சாயை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மேல் இலையில் மட்டும் லேசாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, மற்றவற்றிலிருந்து பிரித்து, குறைந்த ஈரத்தில் வைத்துக் கவனிக்கலாம். பற்றவைக்கும் முனையில், உள் இலைகளுக்கு நடுவில் தெரிந்தால் எறியுங்கள், உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஈரப்பதம் 75-க்கு மேல் எங்கோ நின்றிருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: சுருட்டைச் சுற்றியிருக்கும் செலோஃபேன் தாளைக் கழற்றிவிட்டு வைப்பதா, அப்படியேவா?

எப்படியும் வைக்கலாம். செலோஃபேன் மரக்கூழிலிருந்து செய்வது, பிளாஸ்டிக் மாதிரி அடைக்காது, ஈரம் மெதுவாக உள்ளே வெளியே போய் வரும். நான் கழற்றுவதில்லை, ஒன்றோடொன்று உரசி மேல் இலை கிழியாமல் இருக்கும். வருடங்கள் போகப் போக அந்தத் தாள் மஞ்சளாகும், அது பழுதில்லை. அலுமினியக் குழலில் வந்தால் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

கேள்வி: வாசனை ஏற்றிய சுருட்டையும் சாதாரணச் சுருட்டையும் ஒரே பெட்டியில்...

கூடவே கூடாது. இரண்டு மாதத்தில் எல்லாமே வெனிலா மணக்கும்.

கேள்வி: அலமாரியை ஒழித்தபோது ஐந்தாறு வருடத்துக்கு முன் வைத்த பத்து சுருட்டு கிடைத்தது. தொட்டால் நொறுங்குகிறது. தண்ணீர் தெளித்தால் சரியாகுமா?

தெளித்தால் அரை மணியில் மேல் இலை பிரிந்து வரும். ஈரம் பட்டதும் உள் இலை உப்பும், காய்ந்த மேல் இலையால் அதற்கு ஈடுகொடுத்து நீள முடியாது, வெடிக்கும். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். டப்பாவில் போட்டு 62 பாக்கெட்டோடு ஒரு மாதம், பிறகு 65-க்கு மாற்றி இன்னொரு மாதம். அவ்வப்போது திருப்பிப் போடுங்கள். அழுத்தினால் லேசாக அமுங்கித் திரும்ப வந்தால் ஈரம் ஏறிவிட்டது. ஈரம் திரும்பும், ஆவியாகிப் போன எண்ணெய் திரும்பாது. பிடிக்கலாம், பழைய ருசியை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: எத்தனை வருடம் வைக்கலாம்? வைக்க வைக்க ருசி கூடுமா?

சுருட்டு இலை பதப்படும்போது அம்மோனியா உண்டாகும். புதுச் சுருட்டில் அது மிச்சம் இருந்தால் மூக்கில் ஏறும், தொண்டையில் உறைக்கும். சில மாதங்கள் சும்மா வைத்தாலே அது போய், கலந்து சுற்றிய வெவ்வேறு இலைகளும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதற்கு மேல் ஒன்று, இரண்டு வருடத்தில் பெரும்பாலான சுருட்டு தன் நல்ல நிலைக்கு வந்துவிடுகிறது. ஐந்து, பத்து வருடம் தாங்குவது காரம் அதிகமான, இலையில் எண்ணெய்ப் பசை உள்ள சுருட்டுக்குத்தான் பொருந்தும். மென்மையான சுருட்டை அவ்வளவு வைத்தால் மென்மை வெறுமையாகிவிடும். சுமாரான சுருட்டு பத்து வருடம் கழித்துப் பழைய சுமாரான சுருட்டாகத்தான் இருக்கும்.

நீண்ட நாள் வைப்பதற்கென்றே ஒதுக்குபவர்கள் 62 முதல் 65 சதவீதம், 16 முதல் 18 டிகிரி என்று கொஞ்சம் கீழே வைக்கிறார்கள். உதிரியாகக் கொட்டாமல், வந்த மரப்பெட்டியோடு அப்படியே உள்ளே வையுங்கள். பெட்டியில் தேதி எழுதி ஒட்டுங்கள், நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். கியூபப் பெட்டி என்றால் அடியில் முத்திரை இருக்கும். மாதத்தின் ஸ்பானிஷ் பெயரில் முதல் மூன்று எழுத்தும் வருடமும். ஜனவரி அங்கே எனெரோ, ஆகஸ்ட் அகோஸ்தோ, டிசம்பர் திசியெம்ப்ரே. அது தெரியாமல் ஒருவர் ஜனவரிப் பெட்டியைத் தொழிற்சாலையின் பெயர் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வருடம் வாதாடினார்.

கேள்வி: இயந்திரத்தில் செய்த சின்னச் சுருட்டு, நாட்டுச் சுருட்டு இவற்றுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். ஆங்கிலத்தில் செருட் என்கிறார்களே, அது நம் "சுருட்டு" கப்பலேறிப் போனதுதான். இரண்டு முனையும் வெட்டிய அந்த வகையும், டச்சு பாணியில் உலர்த்திச் செய்கிறவையும், இத்தாலியின் தொஸ்கானோவும் சாதாரண அறைக் காற்றுக்கே செய்யப்பட்டவை. 70 சதவீதத்தில் வைத்தால் ஊறிப்போய் எரியாது. மூடிய டப்பா, வெயில் படாத இடம், அவ்வளவுதான்.

கேள்வி: முதிர்ந்த சுருட்டு உடம்புக்குக் குறைவான கெடுதல் என்பது உண்மையா?

இல்லை. தொண்டைக்கு இதமாக இருப்பதும் கெடுதல் குறைவதும் ஒன்றல்ல. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய் ஆபத்து அப்படியே இருக்கிறது. எந்த ஹ்யூமிடாராலும் அதைக் குறைக்க முடியாது.

கேள்வி: காற்றோட்டம் வேண்டுமே என்று தினமும் காலையும் மாலையும் திறந்து வைக்கிறேன். போதுமா?

ஐயோ, விடுங்கள் அதை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே இருக்கும் காற்று முழுக்க மாறி, பாக்கெட் முதலிலிருந்து தொடங்குகிறது. அடிக்கடி எடுக்கிற பெட்டி என்றால் எடுக்கும்போது திறப்பதே போதும். டப்பாவில் இருப்பதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு நிமிடம் திறந்து, மேலே இருப்பதைக் கீழே மாற்றி வையுங்கள். வருடக்கணக்கில் வைப்பதற்கு மூடியதை மாதம் ஒரு முறை பார்த்தால் தாராளம். கை துறுதுறுக்கிறது என்றால் டிஜிட்டல் மீட்டரை வெளியிலிருந்தே தெரிகிற மாதிரி டப்பாவின் சுவரோரம் நிறுத்தி வையுங்கள், எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்.